கூடத்து ஃபோன் அப்படியே இருக்கட்டும்: மன்னார்குடி வீட்டில் லேண்ட்லைனுக்குப் பக்கத்தில் ஓர் இணையத் தொலைபேசி

போன வருஷம் ஆடியில் ஒரு நாள் காலை, துணி உலர்த்தக் கொல்லைக்குப் போன அம்மா பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். மொபைல் சமையற்கட்டு அலமாரியில் சார்ஜில் கிடந்தது. அப்பா கூடத்தில் ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மன்னார்குடியின் பழைய தெரு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அகலம் 18 அடி, நீளம் 120 அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையற்கட்டு, பின்கட்டு, அதற்கும் பின்னால் கிணற்றடி. அங்கிருந்து கூப்பிட்டால் கூடத்தில் இருக்கும் 81 வயதுக் காதுக்கு எட்டாது. ஏறக்குறைய அரை மணி நேரம் அம்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு மாடிக்கு வற்றல் காயவைக்க வந்த பெண் பார்த்துவிட்டுத்தான் ஓடிவந்தார்.

எலும்பு முறியவில்லை, கணுக்கால் வீக்கத்தோடு போயிற்று. ஆனால் அன்று ராத்திரி கோயம்புத்தூரில் எனக்கும் டொராண்டோவில் அக்காவுக்கும் தூக்கம் வரவில்லை. "அம்மா கழுத்துல மொபைல மாட்டி விடு" என்றாள் அக்கா. மாட்டிப் பார்த்தோம், மூன்று நாள்தான். நாலாம் நாள் அது மறுபடியும் அலமாரிக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு ஃபோன் என்றால் ஓர் இடத்தில் இருக்க வேண்டும், ரிசீவரை எடுத்தால் பேச வேண்டும். அந்தப் பழக்கத்தை 76 வயதில் மாற்றச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. வீடுதான் அவர்களுக்கு ஏற்ப மாற வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் நான் என்ன அமைத்தேன், எது சொதப்பியது, எப்படிச் சரியானது என்று முழுதாக எழுதி வைக்கிறேன். இதே மாதிரி நீள வீடும் வயதான பெற்றோரும் உள்ளவர்களுக்கு உதவும்.

முதலில் இருந்தது

லேண்ட்லைன் 1993இல் வந்தது. அப்பா விண்ணப்பம் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. உறவினர்கள், குருக்கள், உரக்கடை, நெல் வியாபாரி என்று எல்லோருக்கும் அந்த எண்தான் மனப்பாடம். கருவி பெங்களூரு ஐடிஐ தொழிற்சாலையில் செய்த சாம்பல் நிற டயல் ஃபோன். விரலை விட்டுச் சுழற்றினால் கிர்ரென்று திரும்பி வரும் ரகம். இன்னும் வேலை செய்கிறது. 7ஐச் சுழற்றினால் லைன் ஏழு முறை அறுந்து ஒட்டும், 0 என்றால் பத்து முறை, நொடிக்குப் பத்துத் துடிப்பு வீதம். எக்ஸ்சேஞ்ச் அதை இன்றைக்கும் புரிந்துகொள்கிறது.

இன்னொரு பக்கம், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஃபைபர் இணையம் போட்டிருந்தோம். அது வேறு நிறுவனத்தின் இணைப்பு, வேறு கம்பி. அப்பா பார்க்கும் யூட்யூப் சொற்பொழிவுகளைத் தவிர அதற்கு வேலை இல்லை.

லேண்ட்லைனை எடுத்துவிட்டு முழுக்க இணைய ஃபோனுக்கு மாறினால் என்ன என்று நண்பர்கள் கேட்டார்கள். எனக்கு 2018 நவம்பர் 16 மறக்கவில்லை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, எங்கள் பக்கத் தென்னையையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்ட நாள். தெருவுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. மொபைலில் சிக்னல் இல்லை. கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ஃபோன் கம்பியான டிராப் வயரும் வேப்பமரம் விழுந்து அறுந்துதான் போனது. ஆனால் ஐந்தாம் நாள் லைன்மேன் வந்து கட்டிக் கொடுத்ததும், வீட்டில் ஒரு பல்பு கூட எரியாத நிலையில் அந்த டயல் ஃபோன் பேசியது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும்; அதிலிருந்து 48 வோல்ட் செம்புக் கம்பி வழியாகவே வந்துவிடும். ஊரில் பாதிப் பேர் எங்கள் ரேழியில் வரிசையில் நின்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தகவல் சொன்னார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகு லேண்ட்லைனை எடுக்க எனக்கு மனம் வராது.

சாதாரணமாகச் செய்வது, அதே லைனில் இன்னும் இரண்டு ஃபோனைப் பேரலலாக மாட்டுவது. அதில் வெளியிலிருந்து வரும் அழைப்பை எங்கும் எடுக்கலாமே தவிர, கிணற்றடியிலிருந்து கூடத்தைக் கூப்பிட முடியாது. எனக்கு வேண்டியது அதுதான்.

அமைப்பு

சிறிய ராஸ்பெரி பை கணினி ஒன்றில் ஆஸ்டெரிஸ்க் மென்பொருள். 1999இல் அமெரிக்காவின் அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர், தன் சின்னக் கம்பெனிக்கு பிபிஎக்ஸ் (அலுவலகத்துக்குள் ஃபோன்களை இணைக்கும் சிறு எக்ஸ்சேஞ்ச்) வாங்கக் காசில்லாமல் தானே எழுதியது இது. இன்று உலகம் முழுக்க அலுவலகங்களில் ஓடுகிறது, இலவசம். அதோடு, லேண்ட்லைனையும் இந்தக் கணினியையும் இணைக்கும் ஒரு கேட்வே பெட்டி. இதில் இரண்டு துளை. எஃப்எக்ஸ்ஓ என்ற துளையில் வெளி லேண்ட்லைன் வரும். எஃப்எக்ஸ்எஸ் என்ற துளையில் சாதாரண பட்டன் ஃபோனை மாட்டலாம். இந்த இரண்டும் பலரைக் குழப்பும். நான் நினைவு வைத்திருப்பது இப்படி: மணியடிக்கும் மின்சாரத்தைக் கொடுக்கிற துளை எஃப்எக்ஸ்எஸ், வாங்கிக்கொள்கிற துளை எஃப்எக்ஸ்ஓ. லைனை மாற்றிச் செருகினால், மணியடிக்க எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் 75 வோல்ட் ஏசி எஃப்எக்ஸ்எஸ் துளையைக் கெடுத்துவிடலாம். துளைக்கு மேல் சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள்.

கூடத்து டயல் ஃபோனை நான் தொடவில்லை. வெளிக் கம்பி வீட்டுக்குள் வந்து சேரும் ரோசட் பெட்டியிலிருந்து அதற்குப் போகும் கம்பி பழையபடியே போகிறது. பக்கத்தில் இன்னொரு ஜோடி கம்பி இழுத்து கேட்வேக்குக் கொடுத்தேன். இப்படிப் பேரலலாக இருந்தால் அப்பா பேசிக்கொண்டிருப்பது பெட்டிக்கு எப்படித் தெரியும்? வோல்டேஜை வைத்துத்தான். மல்டிமீட்டரில் பார்த்தேன். ரிசீவர் வைத்திருக்கும்போது 49 வோல்ட், எடுத்ததும் 7க்கு இறங்குகிறது. அந்த இறக்கத்தைப் பார்த்து 'லைன் பிஸி' என்று பெட்டி ஒதுங்கிக்கொள்ளும்.

சமையற்கட்டிலும் மாடியிலும் ஐபி ஃபோன், அதாவது இணையக் கேபிளில் பேசும் ஃபோன். வைஃபை மாடி வரை போகவில்லை. சுண்ணாம்புக் காரை போட்ட ஒன்றரை அடிச் சுவர் அதை விடாது. முற்றத்து இறவாரத்தை ஒட்டி பிவிசி குழாயில் கேபிள் இழுத்தோம். பேச்சுக்கு இணைய வேகம் பெரிதாக வேண்டியதில்லை. ஜி.711 முறையில் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக எழுதினால் 64 கிலோபிட். முகவரி விவரங்களைச் சேர்த்தால் 80 சொச்சம். வேகத்தைவிட, குரலைத் துண்டு துண்டாகச் சுமக்கும் பாக்கெட்டுகள் சீராக வந்து சேருவதுதான் முக்கியம். அதற்குக் கேபிளை மிஞ்ச வைஃபையால் முடியவில்லை.

கிணற்றடியில் சாதாரண அனலாக் ஃபோன்தான், தனி அடாப்டர் வழியாக. ஈரத்தில் கெட்டாலும் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். அதைச் சுவரில் மாட்டிய உயரம் தரையிலிருந்து 2 அடி. விழுந்து கிடப்பவருக்குக் கை எட்ட வேண்டும் என்பதற்காக. எண் எதுவும் அழுத்த வேண்டாம். ரிசீவரை எடுத்து மூன்று நொடி சும்மா இருந்தால் வீட்டிலுள்ள எல்லா ஃபோனும் அடிக்கும். 20 நொடிக்குள் யாரும் எடுக்காவிட்டால் என் மொபைலிலும் அக்கா மொபைலிலும் உள்ள ஆப்பில் அடிக்கும்.

எண் கொடுத்ததில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவற்றில் உள் எண் 100, 101 என்று தொடங்குவார்கள். நம் ஊரில் 100 போலீஸ், 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ். வீட்டு எண்களை 100 வரிசையில் கொடுத்தால், நெஞ்சுவலியில் ஒருவர் 108 அழுத்த, மாடியில் காலி அறையில் ஃபோன் அடிக்கும். 201லிருந்து கொடுங்கள். 108, 112 இரண்டும் எந்த முன்னெண்ணும் இல்லாமல் நேராக லேண்ட்லைனுக்குப் போகும்படி எழுதினேன். அதைச் சோதிக்க உண்மையிலேயே 108ஐ அழைக்கக் கூடாது. அந்த விதியில் தற்காலிகமாக என் மொபைல் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அதே மாதிரி, வெளி லைனுக்கு 0 என்ற பழைய அலுவலக வழக்கமும் இங்கே உதவாது. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலை அழைக்க 0 சேர்க்க வேண்டும் என்றாகிவிட்டதால், அந்த 0 எண்ணின் பகுதி. அதனால் வெளி லைனுக்கு 9.

"டொய்ங்னு வேற சத்தம் வருதுடா"

கூடத்தில் டயல் ஃபோனுக்குப் பக்கத்தில் 201 என்ற பட்டன் ஃபோனை வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். பஸ் தஞ்சாவூர் தாண்டவில்லை, அப்பா மொபைலில் கூப்பிட்டார். "புது ஃபோன எடுத்தா டொய்ங்னு வேற சத்தம் வருதுடா. லைன் கெட்டுப்போச்சு போலிருக்கு. அம்மாவத் தொட வேணாம்னு சொல்லிட்டேன்."

ஃபோன் நன்றாகத்தான் இருந்தது. பெட்டிக்குள் அமெரிக்க டயல் டோன் இருந்தது, 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்த வழவழப்பான ஒலி. நம் எக்ஸ்சேஞ்ச் டோன் 400 ஹெர்ட்ஸ், அதன் மேல் 25 ஹெர்ட்ஸில் ஒரு நடுக்கம். அந்த நடுக்கம்தான் முப்பது வருஷமாக அப்பா காதில் 'லைன் இருக்கிறது' என்று சொன்ன குரல். அது இல்லையென்றால் அவர் கைவைக்க மாட்டார். ராத்திரி இங்கிருந்தே டோன்களை இந்திய அளவுக்கு மாற்றினேன். அடுத்த நாள் அவர் சொன்னது ஒரே வார்த்தை: "ம், வந்துடுச்சு."

மணியோசையையும் அப்போதே பிரித்தேன். வெளி அழைப்புக்கு நாம் பழகிய இரட்டை மணி: 0.4 நொடி அடித்து, 0.2 நிறுத்தி, மறுபடி 0.4 அடித்து, இரண்டு நொடி ஓய்வு. வீட்டுக்குள்ளிருந்து வரும் அழைப்புக்கு ஒற்றை நீள மணி. அம்மா இப்போது கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிடுகிறார், "உள் ஃபோன்தான், நீங்களே எடுங்க."

மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம்

இந்த வேலையில் மிக மோசமான நாள் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆவணி கடைசியில் ஒரு மதியம். அப்பாவும் அம்மாவும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். கும்பகோணம் சித்தி லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டிருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. நான் வைத்திருந்த வாய்ஸ்மெயில் எடுத்திருக்கிறது. இயந்திரம் பேசுவதைக் கேட்டதும் சித்தி வைத்துவிட்டார். அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் லைன் என்கேஜ்டு. நாலு மணிக்கு நான் கூப்பிட்டேன், என்கேஜ்டு. டொராண்டோவில் அக்கா காலையில் எழுந்ததும் லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டிருக்கிறாள், என்கேஜ்டு. அம்மா மொபைல் வழக்கம்போல் அலமாரியில். அப்பா மொபைல் சைலன்ட்டில். "ரிசீவர் கீழ விழுந்து கிடக்குதுடா, அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்கு ஃபோன் போட்டு, அவர்கள் வந்து கதவைத் தட்டி, அப்பா தூக்கக் கலக்கத்தோடு திறந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

நடந்தது இது. மொபைலிலோ இணையத்திலோ எதிர்முனை வைத்துவிட்டால் 'முடிந்தது' என்று தெளிவாக ஒரு செய்தி வந்துவிடும். பழைய செம்பு லைனில் அப்படி எதுவும் இல்லை. எதிர்முனை வைத்ததும் எக்ஸ்சேஞ்ச் 'டூ... டூ...' என்று பிஸி டோன் அனுப்பும், அவ்வளவுதான். மனிதன் அதைக் கேட்டு ரிசீவரை வைத்துவிடுவான். பெட்டிக்கு அந்த 'டூ'வைத் தெரிய வேண்டும். என் பெட்டி அமெரிக்க பிஸி டோனுக்காக, அதாவது 480, 620 ஹெர்ட்ஸ் கலவைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நம் டோன் அதற்குப் பேச்சு மாதிரியே பட்டது. வாய்ஸ்மெயிலுக்கு நேர வரம்பும் நான் வைக்கவில்லை. அதனால் 3 மணி நேரம் 40 நிமிடம் 'டூ... டூ...' என்ற ஒலியைப் பதிவு செய்துகொண்டே லைனைப் பிடித்து வைத்திருந்தது. அப்பாவுக்கு டயல் டோனை மாற்றிய அன்று, இதுவும் அதே பக்கத்தில் இரண்டு வரி தள்ளி இருந்தது. ஃபோனில் நாம் கேட்கிற டோன் ஓர் இடம், லைனிலிருந்து பெட்டி கேட்க வேண்டிய டோன் இன்னோர் இடம். நான் முதலாவதை மட்டும் மாற்றியிருந்தேன்.

அந்தப் பதிவே மருந்துமாயிற்று. அதை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து அளந்தேன். 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி மௌனம், பிசகே இல்லை. அதைப் பெட்டியில் எழுதினேன். எத்தனை 'டூ' கேட்டதும் துண்டிக்க வேண்டும் என்பதில் யோசிக்க வேண்டியிருந்தது. இரண்டு என்று வைத்தால், பேச்சின் நடுவே தெருவில் தள்ளுவண்டிக்காரர் மணியடித்தாலும் அறுத்துவிடலாம். நாலு என்று வைத்தேன். ஒரு சுற்று ஒன்றரை நொடி. ஆக ஆறு நொடியில் லைன் விடுபடும். வாய்ஸ்மெயிலுக்கு இரண்டு நிமிட வரம்பு. அதற்கு மேலும் ஒரு காவல்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினி பார்க்கும், லேண்ட்லைன் ஒரு மணி நேரத்துக்கு மேல் திறந்திருந்தால் என் மொபைலுக்குச் செய்தி அனுப்பும். அதற்குப் பிறகு இன்று வரை லைன் மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் லேண்ட்லைனை இணையப் பெட்டியோடு கட்டுகிற எவரும் முதல் நாளே, வேறு எதையும் செய்வதற்கு முன்னால், இதைச் சோதித்துவிடுங்கள். வெளியிலிருந்து கூப்பிட்டு, வாய்ஸ்மெயில் எடுத்ததும் வைத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டுப் பாருங்கள். மணி அடித்தால் சரி.

மற்ற தொல்லைகள் சின்னவை. அழைப்பவர் எண் தெரியவில்லை. இந்தியாவில் பல எக்ஸ்சேஞ்சுகள் அதை முதல் மணிக்கு முன்பே, பட்டன் ஒலிகளாக அனுப்பும். அதைத் தேர்ந்தெடுத்ததும் வந்துவிட்டது. கணினிக்குள் கார்டு போட்டு லைன் எடுப்பவர்களுக்கு ஆஸ்டெரிஸ்க்கில் 'போலாரிட்டி ஐஎன்' என்று இந்தியாவுக்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. சமையற்கட்டு ஃபோனில் பேசினால் தன் குரலே திரும்பக் கேட்டதை, லைன் இம்பீடன்ஸை (மின் எதிர்ப்பை) லைனுக்குப் பொருத்தி, ஒலி அளவை 3 டெசிபல் குறைத்துச் சரிசெய்தேன். சிலிண்டர் பதிவு செய்யும்போது எண்கள் இரட்டிப்பாகப் போயின. பட்டன் ஒலி குரலோடும் தனிச் செய்தியாகவும் இருவழியில் போனதுதான் காரணம், ஒன்றை நிறுத்தினேன்.

அக்காவின் எண் 206

இங்கே காலை ஏழு மணி என்றால் கோடையில் டொராண்டோவில் முந்தின நாள் இரவு ஒன்பதரை. அக்கா வேலை முடிந்து படுக்கப் போகும் நேரம், அம்மா காபி போடும் நேரம். அவள் மொபைலில் 202 அழுத்தினால் சமையற்கட்டில் மணி அடிக்க வேண்டும், அதுதான் அவள் கேட்டது. வாட்ஸ்அப் இருக்கிறதே என்றால், அதற்கு அம்மா மொபைலைத் தேட வேண்டும், பச்சையைத் தள்ள வேண்டும். ரிசீவரை எடுப்பது வேறு.

எங்கள் ஃபைபர் இணைப்புக்கு வெளியிலிருந்து நேராக வர வழியில்லை. ரூட்டருக்குக் கிடைத்த முகவரி 100.64 வரிசையில் இருந்தது. பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கான வரிசை அது. மும்பையில் மாத வாடகைக்கு ஒரு சிறு சர்வர் எடுத்தேன். வீட்டுக் கணினியும் எங்கள் மொபைல்களும் வயர்கார்டு விபிஎன் (வெளியார் நுழைய முடியாத தனிப் பாதை) வழியாக அங்கே சந்திக்கின்றன.

முதலில் விபிஎன் இல்லாமல், அந்த சர்வரில் இணைய ஃபோன் அழைப்புகளுக்கான 5060 என்ற போர்ட்டைத் திறந்து வைத்துப் பார்த்தேன். சில மணி நேரத்துக்குள் யார் யாரோ கதவைத் தட்டினார்கள். லாகில் 'ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்' என்ற பெயரோடு 100, 101, 1001 என்று வரிசையாக எண்ணையும் கடவுச்சொல்லையும் முயன்றுகொண்டே இருந்தார்கள். யாராவது உள்ளே வந்துவிட்டால், நம் லேண்ட்லைனிலிருந்து வெளிநாட்டுக்கு ராத்திரி முழுக்கப் பேசுவார்கள், பில் அப்பா பெயரில் வரும். அன்றே மூடிவிட்டேன். லேண்ட்லைனில் ஐஎஸ்டி வசதியையும் நிறுத்தி வைத்தேன். வீட்டு பிபிஎக்ஸை இணையத்துக்கு நேராகத் திறக்கவே திறக்காதீர்கள்.

பேச்சு நன்றாக இருக்கிறது. டொராண்டோவிலிருந்து மும்பை வரை போய்வர 240 மில்லிசெகண்ட் அளவு ஆகிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை, ஒரு வழித் தாமதம் 150க்குள் இருந்தால் நல்லது என்கிறது. இடையில் பாக்கெட்டுகளைக் கொஞ்சம் சேர்த்து வைத்து விடும் நேரத்தையும் கூட்டினால் நாங்கள் அதைக் கொஞ்சம் தாண்டுகிறோம். சில சமயம் அம்மாவும் அக்காவும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

ஒரு மாதம் கழித்து அக்கா கேட்டாள், "நான் 9 போட்டு நம்ம லேண்ட்லைன்லருந்து சித்திக்குப் பேசிக்கலாம்ல? அது உள்ளூர்க் கால்தானே?"

தொழில்நுட்பப்படி ஒரு வரி எழுதினால் போதும். நான் எழுதவில்லை. இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதிக்கப்பட்டது. 2018இல் அதற்கு எண் கொடுத்துச் சாதாரண ஃபோன்களோடு இணைக்கவும் வழி பிறந்தது. ஆனால் அது உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்களுக்கு. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் குரலை ஒரு தனி வீட்டு லைன் வழியாக உள்ளூர் வலையமைப்பில் இறக்கிவிடுவது, கட்டணத்தைத் தவிர்க்கும் கள்ள எக்ஸ்சேஞ்சு செய்வதற்குச் சமம். அவ்வப்போது சிம் பாக்ஸ் பிடிபட்டதாகச் செய்தி வருகிறதே, அதன் சின்ன வடிவம். பெரிய நிறுவனங்களும் இங்கே இதை மதித்துத்தான் நடக்க வேண்டும். சிஸ்கோவின் பிபிஎக்ஸில் இந்த மாதிரி விதிகளுக்காகவே, இணைய அழைப்பும் லேண்ட்லைன் அழைப்பும் கலக்காமல் பிரித்து வைக்கும் 'லாஜிக்கல் பார்ட்டிஷனிங்' என்று ஒரு வசதி இருக்கிறது.

ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு வட்டம். வீட்டுக்குள் இருக்கும் ஃபோன்கள் லேண்ட்லைனையும் தொடலாம், ஒன்றையொன்றும் கூப்பிடலாம். விபிஎன் வழியாக வரும் என் 205ம் அக்காவின் 206ம் வீட்டு ஃபோன்களோடு மட்டும் பேசும். லேண்ட்லைனில் வரும் அழைப்பை எங்களுக்குத் திருப்பிவிடவும் முடியாது, மூவர் பேச்சாக இணைக்கவும் முடியாது. ஆஸ்டெரிஸ்க்கில் இதைத் தனித்தனி கான்டெக்ஸ்டாக (யார் யாரைக் கூப்பிடலாம் என்ற விதித் தொகுப்பாக) எழுதினேன். அக்காவுக்கு முதலில் வருத்தம்தான். "அப்பா பேர்ல இருக்கிற லைன்க்கா" என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

மின்சாரம் போனால்

மன்னார்குடி வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் கரண்ட் போய் அது எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் ரூட்டர் அணைந்து எழும். எல்லாம் திரும்ப ஒன்றோடொன்று பேச மூன்று நிமிடம் ஆகிவிடும். கணினி, ஃபைபர் பெட்டி, கேட்வே, ஐபி ஃபோன்கள் எல்லாம் சேர்ந்து 20 வாட் அளவுதான் எடுக்கின்றன. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியோடு ஒரு சிறு யூபிஎஸ் வைத்தேன். கணக்குப்படி நாலு மணி நேரம், நடைமுறையில் மூன்று. இன்வெர்ட்டரும் சேர்ந்தால் ஒரு முழு ராத்திரி.

கஜா மாதிரி வந்தால் அதுவும் தீரும். அதற்காகத்தான் கேட்வே வாங்கும்போதே, மின்சாரம் இல்லாவிட்டால் உள்ளே ஒரு ரிலே விழுந்து எஃப்எக்ஸ்எஸ் துளையை நேராக லேண்ட்லைனோடு ஒட்டிவிடும் வகையாகப் பார்த்து வாங்கினேன். புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் எல்லோரும் இருக்கும்போது சோதித்தோம். நான் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். அப்பா பட்டன் ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார், நேராக எக்ஸ்சேஞ்சின் டோன். அதை வைத்துவிட்டு டயல் ஃபோனை எடுத்தார், அதிலும் அதே டோன். கும்பகோணம் எண்ணைச் சுழற்றி சித்தியிடம், "ஒண்ணுமில்ல, பையன் ஃபோன சோதிக்கச் சொன்னான்" என்றார். இப்படி எல்லாம் செத்தாலும் கடைசியில் பழைய லைன் மிஞ்ச வேண்டும் என்பதைத்தான் தொடக்கத்திலிருந்தே மனதில் வைத்து ஒவ்வொன்றையும் அமைத்தேன். அந்தச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்கிறோம்.

செலவு எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கேட்வேயும் ஐபி ஃபோன்களும்தான் பாதிக்கு மேல் தின்றன. அதற்கு மேல் சர்வருக்கு மாத வாடகை சில நூறு. கேபிள் இழுக்க வந்த எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு நாள் கூலி.

இடியும் அதற்கப்புறமும்

சித்திரையில் ஒரு கோடை இடிமழை. மறுநாள் உள் ஃபோன்கள் எல்லாம் பேசுகின்றன, ஆனால் லேண்ட்லைன் அழைப்பு சமையற்கட்டுக்கு வரவில்லை. எஃப்எக்ஸ்ஓ துளை போயிருந்தது. டிராப் வயர் வழியாக வந்த அதிர்ச்சி. டயல் ஃபோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் உள்ளே இரும்பு மணியும் காயிலும்தான். நல்லவேளை, கூடத்தில் அந்தக் கம்பி பெட்டியின் வழியாகப் போகாமல் தனியாகப் போனது. பெட்டி மாற்றி, ரோசட் பக்கத்தில் வாயுக் குழல் கொண்ட அரெஸ்டர் வைத்தேன். ஆனால் அது அதிர்ச்சியை இறக்க மண்ணுக்குப் போகும் நல்ல எர்த் வேண்டும். இப்போது இருப்பது மீட்டர் பெட்டியின் பழைய எர்த், கோடையில் காய்ந்துபோகிறது. கிணற்றடி ஈர மண்ணில் தனியாகக் குழி தோண்டிப் புது எர்த் கம்பி இறக்க ஆள் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

கிணற்றடி ஃபோனை அம்மா இதுவரை அவசரத்துக்கு எடுத்ததில்லை. ஆனால் தினமும் எடுக்கிறார். "குளிக்க வெந்நீர் ஆயிடுச்சு, வாங்க" என்று அப்பாவைக் கூப்பிட. தினமும் பயன்படுவதால்தான் அது வேலை செய்கிறது என்று எங்களுக்குத் தெரிகிறது.

இன்னொரு வேலை பாக்கி. பிரிட்டனில் 2027 ஜனவரியோடு பழைய லேண்ட்லைன் வலையமைப்பை நிறுத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவிலும் ஒரு நாள் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு அதே எண்ணை ஃபைபர் பெட்டியின் ஃபோன் துளையில் கொடுப்பார்கள். அன்றைக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் 48 வோல்ட் இருக்காது. கேட்வேக்குப் பிரச்சினை இல்லை, கம்பியை அந்தத் துளைக்கு மாற்றினால் போதும். ஆனால் இம்மாதிரிப் பெட்டிகள் பலவற்றுக்கு டயல் சுழலும் துடிப்பு புரியாது. மணி அடிக்கும், பேசலாம், எண் போட முடியாது. துடிப்பை ஒலியாக மாற்றும் சிறிய சாதனம் ஒன்று கிடைக்கிறது. அதை இப்போதே வாங்கி, கூடத்து ஃபோனுக்குப் பின்னால் மாட்டிப் பார்க்கப் போகிறேன்.